நல்லா இருக்கு, அடுத்தது!

வணிக வளாகத்தின் மூன்றாவது மாடி. லிஃப்ட் வழக்கம்போலப் படுத்திருந்தது. படியேறி வந்த ஓர் அம்மாள், ஒரு லேப்டாப்பைப் பழைய துண்டில் சுற்றி, உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்தபடி, லேப்டாப் ரிப்பேர் கடையின் கண்ணாடிக் கதவை முழங்கையால் திறந்தாள். செத்த எலியை வெளியே கொண்டுபோய்ப் போடுகிறவர்கள் அப்படித்தான் பிடிப்பார்கள்.

நல்ல மத்தியானம். உள்ளே சால்டரிங் புகையும் ஸ்பிரிட்டின் வாசனையும் கலந்து மிதந்தன. கல்லாவில் இருந்த மைத்துனன் போனைக் கையால் பொத்திக்கொண்டு உள்பக்கம் திரும்பினான்.

"மாமா, வக்கீல் சார் லைன்ல. அவர் கீபோர்டுக்குள்ள பிஸ்கட் தூள் கொட்டிக் கிடக்காம். 'நான் பிஸ்கட்டே தொடறதில்லையேப்பா'ங்கறாரு."

"வாத்தியாரோட மிஷினும் அதே மாடல்தானே. திருப்பி மாட்டும்போது மாறியிருக்கும்."

"போன மாசம் ஸ்பீக்கர், இந்த மாசம் கீபோர்டு. ஒருநாள் உங்க தலையவே மாத்தி மாட்டிக்கிட்டு வீட்டுக்குப் போகப்போறீங்க. அக்கா என் சட்டையைத்தான் பிடிப்பா."

"தலை மாறினா உங்க அக்காவுக்கு லாபம்தான்டா, மச்சான்."

சிரித்தபடி எழுந்து வந்தவரை அந்தத் தெருவே வைத்தியர் என்றுதான் கூப்பிடும். சொந்தப் பெயர் ரேஷன் அட்டைக்கு மட்டும். எந்த லேப்டாப் வந்தாலும் "தெரியலை" என்று சொல்லித் திருப்பி அனுப்பியதில்லை. அவர் முறை எளிமையானது. ஒரு பாகத்தைக் கழற்று. அது இல்லாமல் கோளாறு போகிறதா பார். போகவில்லையா, நல்ல மிஷினிலிருந்து அதே பாகத்தை எடுத்து இதில் போட்டுப் பார். அப்போதும் போகவில்லை என்றால் இந்தப் பாகத்தின்மேல் குற்றமில்லை. "நல்லா இருக்கு. அடுத்தது!" என்று உரக்கச் சொல்லிவிட்டுத் தட்டில் வைப்பார். கோளாறு கிடைக்கும்வரை தட்டில் இருக்கும் எதையும் திருப்பி மாட்டமாட்டார். கிடைத்துவிட்டால் எல்லாம் அதனதன் இடத்துக்குப் போய்விடும்.

வக்கீல் விஷயத்தைத் தவிர.

"என்னம்மா பண்ணுது இது?"

"தானா ஆன் ஆகுது தம்பி. ஒயரைப் பிடுங்கிட்டாலும் ஆகுது." அந்த அம்மாளின் குரல் தாழ்ந்திருந்தது. "என் வீட்டுக்காரரோடது. படுத்த படுக்கையா இருந்தாரு. கழுத்துல ஓட்டை போட்டு, மூச்சு விடறதுக்கு ஒரு மிஷின் மாட்டியிருந்தாங்க. பேச்சு கிடையாது. இதுல ஒரு விரலால தட்டுவாரு, அதை இது படிச்சுச் சொல்லும். திடீர்னு ஒருநாள் போயிட்டாரு."

"அடடா... என்ன வியாதி?"

"அதான் யாருக்கும் தெரியலை. மூக்கு, காது, கண்ணுன்னு ஒவ்வொண்ணா பார்த்தாங்க. எல்லாம் நல்லா இருக்குன்னாங்க. 'எனக்கு என்னதான் கோளாறு?' இதையேதான் கடைசிவரைக்கும் தட்டிக்கிட்டு இருந்தாரு." அவள் துண்டோடு லேப்டாப்பை மேஜையில் வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "கண்டுபிடிச்சா சந்தோஷம். முடியலைன்னா உடைச்சுப் போட்டுடுங்க. எனக்குத் திருப்பித் தர வேண்டாம்."

"செக் பண்ணாம எதையும் நம்பக்கூடாதும்மா. ரெண்டு நாள்ல சொல்றேன்."

அவள் படியிறங்கிய வேகம், வந்த வேகத்தைவிட அதிகம்.

வைத்தியர் மணிக்கட்டில் பட்டையை மாட்டினார். உடம்பில் இருக்கும் மின்சாரம் மிஷினைச் சுட்டுவிடாமல் தரைக்கு இழுத்துக்கொள்ளும் பட்டை அது. அதன் ஒயரை எர்த்தில் மாட்ட வேண்டும். கடையின் எர்த் எப்போதோ அறுந்துபோயிற்று. அதனால் கிளிப்பை லேப்டாப்பின் இரும்புச் சட்டத்திலேயே கவ்வ வைத்துவிடுவது அவர் பழக்கம். எத்தனையோ மிஷின்களுக்கு அப்படிச் செய்து ஒன்றும் ஆனதில்லை.

கிளிப் கவ்வியதும் மணிக்கட்டில் சுருக்கென்று ஏதோ கடித்தது. உதறிக்கொண்டார். வேலையை ஆரம்பித்தார்.

பேட்டரியைக் கழற்றினார். உள்ளே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது.

"நல்லா இருக்கு. அடுத்தது!"

மெமரியைக் கழற்றினார். ஹார்டு டிஸ்க்கை, கீபோர்டை, திரையை. ஒவ்வொன்றுக்கும் பதிலாகப் பக்கத்து மிஷினின் பாகத்தைப் போட்டுப் பார்த்தார். எதன்மேலும் குற்றமில்லை. கடைசியில் ஸ்பீக்கரையும் பிடுங்கித் தட்டில் போட்டார். மேஜைமேல் மிச்சமிருந்தவை வெறும் போர்டும் காற்றாடியும் மட்டும். கரண்ட் வர வழியே இல்லை.

காற்றாடி சுற்றியது.

போர்டில் ஏதாவது சுடுகிறதா என்று விரல் வைத்துப் பார்த்தார். மின்சாரச் சூடு அவருக்குத் தெரியும். இது வேறு. காய்ச்சல்காரன் நெற்றிமேல் கை வைத்த மாதிரி, ஈரமான சூடு.

விரலை எடுத்தார்.

அப்போது தட்டில் கிடந்த ஸ்பீக்கர், எந்த ஒயரும் இல்லாத ஸ்பீக்கர், தகரக் குரலில் பேசியது.

"நல்லா இருக்கு. அடுத்தது."

"மச்சான்! நீயாடா?"

"நான் வக்கீல்கிட்ட திட்டு வாங்கிக்கிட்டு இருக்கேன் மாமா!" என்றது வெளியிலிருந்து குரல். பிறகு மூக்கைப் பொத்தியபடி அவனே ஓடிவந்தான். "என்ன மாமா இது, கடையே நாறுது! உங்க சட்டைக் கை கருகுது பாருங்க!"

சால்டரிங் கம்பி சட்டையின் ஓரத்தைத் தின்றுகொண்டிருந்தது. புகை நேராக முகத்துக்கு வந்துகொண்டிருந்தது.

வைத்தியருக்கு எந்த வாசனையும் வரவில்லை.

ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்து மூக்கருகே வைத்தார். தண்ணீரை முகர்ந்த மாதிரி இருந்தது.

பட்டையைக் கழற்றி எறிந்தார். அது இருந்த இடத்தில், கிளிப்பின் பல் வரிசை சிவப்பாகப் பதிந்திருந்தது. கிளிப் கவ்வியதோ லேப்டாப்பை.

வீட்டில் அடுப்பில் பால் தீய்ந்தது. "பக்கத்துலேயே உக்காந்திருக்கீங்க, மூக்கை அடகு வெச்சுட்டீங்களா?" என்று மனைவி சத்தம் போட்டாள். மகள் மடியில் ஏறினாள். ஒவ்வொரு நாளும் சாயங்காலம் அப்பாவின் இடது காதில் ஒரு ரகசியம் சொல்வது அவள் வழக்கம். அம்மாவுக்குச் சொல்லக்கூடாத ரகசியம். வாயைக் காதோடு ஒட்டி, எச்சில் தெறிக்க, இன்றும் சொன்னாள்.

எச்சிலின் ஈரம் தெரிந்தது. சத்தம் வரவில்லை.

"இன்னொரு தடவை சொல்லு குட்டி."

சொன்னாள். சிரித்தாள். அவர் இடது காதுக்குள் குழந்தையின் குரல் இல்லை. ஆழத்தில், தகரத்தில் சுரண்டுவதுபோல இரண்டே சொற்கள்.

"நல்லா இருக்கு."

கொஞ்சம் பொறுத்து...

"அடுத்தது."

விடிந்தபோது வலது கண் இல்லை. கண் இருந்தது, கண்ணாடியில் தெரிந்தது, பார்வைதான் கழன்றிருந்தது. சுத்தமாக, திருகு திருகாகக் கழற்றி எடுத்த மாதிரி, வலியே இல்லாமல்.

அவருக்கு இப்போது புரிந்துவிட்டது. அவருக்குப் புரியாமல் யாருக்குப் புரியும்? அவர் முறையேதான் இது. செத்தவன் தன் கோளாறைத் தேடுகிறான். நல்ல மிஷின் ஒன்று வேண்டும், பாகம் பாகமாக எடுத்துப் போட்டுப் பார்க்க. மூக்கைப் போட்டுப் பார்த்தான், தன் மூக்கின்மேல் குற்றமில்லை. காதைப் பார்த்தான். கண்ணைப் பார்த்தான்.

ஒயரை மாட்டிக் கொடுத்தது வைத்தியரே.

கடைக்கு ஓடினார். சுத்தியலை எடுத்தார். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. உடைத்தால்? எடுத்ததெல்லாம் அதற்குள் அல்லவா இருக்கிறது? கோளாறு கிடைத்துவிட்டால் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் மாட்டிவிடுவான். முறை அதுதான். கிடைக்க வேண்டும். நெஞ்சுக்குள் இருப்பதை எடுத்துப் பார்க்க அவன் ஆசைப்படும் முன்னால் கிடைக்க வேண்டும்.

"ஒரு கண்ணை ஏன் மாமா மூடிக்கிறீங்க? யாருக்கு சிக்னல்?" என்றான் மைத்துனன்.

வைத்தியர் சிரிக்கவில்லை. முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

அந்த அம்மாளின் வீடு சுத்தமாக இருந்தது. அளவுக்கு மீறின சுத்தம். உள்ளறையில் கட்டில் இன்னும் விரித்தபடி. பக்கத்தில் அந்த மூச்சு மிஷின், குழாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு. சுவரில் ப்ளக் மாட்டும் இடம் கட்டிலிலிருந்து கை எட்டாத தூரம்.

"என்ன தம்பி, முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு?"

"அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு நிஜமா என்ன ஆச்சுன்னு..."

அவ்வளவுதான் வந்தது.

நாக்கு வாய்க்குள் செருப்புத் தோல்போலக் கிடந்தது. மறுபடி முயன்றார். தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது. வலது காதுக்குள் நிதானமாக, "நல்லா இருக்கு."

அந்த அம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"பேச முடியலையா?"

தலையாட்டினார்.

"அப்போ சொல்லலாம்." ஒரு பெருமூச்சு. அவள் முகத்தில் முதல்முறையாக ஒரு நிம்மதி. "சாகற மாதிரி அவருக்குக் கோளாறு ஒண்ணும் இல்லை தம்பி. தேறிக்கிட்டுதான் வந்தாரு. இன்னும் எத்தனை வருஷம் இழுக்குமோ? ராத்திரியெல்லாம் அந்தத் தகரக் குரல். 'தண்ணி. புரட்டு. எனக்கு என்ன கோளாறு?' மிஷினுக்குள்ள இருக்கிற பேட்டரி செத்து ரொம்ப நாளாச்சு. புதுசு போடு, புதுசு போடுன்னு தட்டுவாரு. நான் போடலை. ஒருநாள், சுவத்துல இருக்கிற ப்ளக்கைப் பிடுங்கினேன். துணி காயப்போட மாடிக்குப் போயிட்டேன். திரும்பி வந்து மாட்டிட்டேன். அவ்வளவுதான்."

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"முகத்தை அந்தப் பக்கம் திருப்பித்தான் படுத்திருந்தாரு. நான் பிடுங்கினதை அவர் பார்க்கலை. அதனாலதான் இன்னும் கேட்டுக்கிட்டே இருக்காரு." அவள் குனிந்து கிசுகிசுத்தாள். "பதில் சொல்ற ஆள் நான் இல்லைன்னுதான் உங்ககிட்ட தள்ளினேன். தண்ணி குடிக்கிறீங்களா?"

எந்த லேப்டாப் வந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, கரண்ட் வருகிறதா என்று. தொழில் கற்கும் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது. செத்தவன் அதை விட்டுவிட்டுத் தன் உடம்பின் மற்ற எல்லாவற்றையும் பார்த்தான். டாக்டர்களும்தான்.

கடைக்கு வரும் வழியில் வலது கை கழன்றது. தோளிலிருந்து ஈரத்துணிபோலத் தொங்கியது. எழுதுகிற கை அதுதான். எழுதிக் காட்டவும் வழி இல்லை.

"பேச மாட்டேங்கறீங்க, கையை ஆட்டிக்கிட்டு வர்றீங்க. கோபமா மாமா? நான் சாப்பிட்டுட்டு வந்துடறேன், அப்புறம் திட்டுங்க." மைத்துனன் படியிறங்கிப் போனான். அவன் சட்டையைப் பிடித்து இழுக்க வைத்தியர் இடது கையை நீட்டினார். எட்டவில்லை.

மேஜையில் லேப்டாப் இருந்தது.

முழுதாக இருந்தது. தட்டு காலி. எல்லா பாகமும் மாட்டி, திருகு முடுக்கி, மூடியைத் திறந்து, அவருக்காகக் காத்திருந்தது.

திரையின் மேலே கேமராவின் சின்ன விளக்கு எரிந்தது.

வைத்தியர் இடது கையால் பக்கத்து மிஷினின் ஒயரைப் பிடித்தார். சுவரில் இருந்த ப்ளக்கைச் சடாரென்று பிடுங்கினார். பிடுங்கிய ப்ளக்கைக் கேமராவுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். சுவரைக் காட்டினார். தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். கண்ணீர் வழிய, திரும்பத் திரும்பக் காட்டினார்.

காற்றாடி நின்றது.

இதுவரை நிற்காத காற்றாடி.

"கரண்ட்டா?" என்றது தகரக் குரல்.

வைத்தியர் வேகமாகத் தலையாட்டினார். ஆமாம். ஆமாம்!

"எனக்குக் கோளாறு இல்லையா?"

இல்லை! இல்லை!

"பிடுங்கினது யாரு?"

கீபோர்டில் தட்ட நீட்டிய இடது கையும் அந்தரத்தில் கழன்று தொங்கியது. இதை எந்தக் கையால் காட்டுவது? எந்த வாயால் சொல்வது? ப்ளக் கீழே விழுந்தது. லேப்டாப் அவரையே பார்த்தது. பிறகு, கடைக்கு வருகிறவர்களிடம் அவர் சொல்வதையே அவரிடம் சொன்னது.

"செக் பண்ணாம எதையும் நம்பக்கூடாது."

நெஞ்சுக்குள் யாரோ ஒரு ஒயரைப் பிடுங்கினார்கள்.

பல் குத்தியபடி திரும்பி வந்த மைத்துனன்தான் அலறி ஊரைக் கூட்டினான். மருத்துவமனையில் உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள். மூச்சு மட்டும் சொந்தமாக வரவில்லை. கழுத்தில் குழாய் இறங்கியது. மூக்கு, காது, கண் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். "எல்லாம் நல்லா இருக்கு. என்ன கோளாறுன்னுதான் தெரியலை" என்று கைவிரித்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

எல்லாம் நல்லாத்தான் இருந்தது. கோளாறு கிடைத்ததும் பாகங்கள் திரும்ப வந்துவிட்டன. வீட்டுக் கட்டிலில் அவருக்கு மருந்து நெடி தெரிந்தது. இரண்டு கண்ணும் தெரிந்தன. இடது காதில் மகளின் அழுகை கேட்டது. மூச்சையும் கைகால் அசைவையும் மட்டும் அவன் திருப்பித் தரவில்லை. யாரு என்ற கேள்வி பாக்கி இருந்தது.

"பாருங்க மாமா, எவ்வளவு தங்கமான மனசு!" மைத்துனன் கட்டிலருகே ஒரு மிஷினைத் தட்டிக் காட்டினான். "இந்த மூச்சு மிஷினை அந்த அம்மாவே சும்மா குடுத்துட்டாங்க. லேப்டாப்பையும் உங்களையே வெச்சுக்கச் சொல்லிட்டாங்க. அதான் பேசும்ல, ஒரு விரல் வந்துட்டாலும் போதும், தட்டிப் பேசலாம்."

மிஷினின் பின்பக்கம், அதே செத்த பேட்டரி வைத்தியருக்குத் தெரிந்தது. கத்த வாய் இல்லை.

அடுத்த வாரம் வலது கையின் ஆள்காட்டி விரல் துடித்தது. மைத்துனன் துள்ளிக் குதித்து ஊருக்கெல்லாம் போன் போட்டான். "விரல் அசையுதும்மா! நாளைக்கே தட்ட ஆரம்பிச்சுடுவாரு!" என்று அந்த அம்மாளுக்கும் சொன்னான்.

அன்று மத்தியானமே அவள் வந்தாள். கையில் பழம். உதட்டில் கவலை. "நீ போய்க் கொஞ்ச நேரம் படும்மா. நான் பார்த்துக்கிறேன். எனக்குப் பழக்கம்தானே?" என்றாள் வைத்தியரின் மனைவியிடம். பல நாள் தூங்காத மனைவி, கண் கலங்க அவள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

கதவு மெல்லச் சாத்தப்பட்டது.

அவள் வைத்தியரின் முகத்தைக் கையால் மென்மையாகச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள்.

"அவரும் இப்படித்தான் படுத்திருந்தாரு" என்றாள்.

ப்ளக் பிடுங்கும் சத்தம். மிஷின் கீச்சென்று கத்தத் தொடங்கியது. எந்தப் பொத்தானை அழுத்தினால் அது வாயை மூடும் என்று அவளுக்குத் தெரியும். அழுத்தினாள்.

வைத்தியரின் நெஞ்சு ஏறவில்லை. சுவரின் வெள்ளை, மெல்லச் சாம்பல் ஆனது. சாம்பல் கறுத்தது.

மேஜைமேல், ஒயர் இல்லாமல் கிடந்த லேப்டாப்பில் சின்ன விளக்கு எரிந்தது.

"கிடைச்சிடுச்சு."

அவள் திரும்பினாள். "இல்லைங்க... நான் வந்து..."

"அடுத்தது."

அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"அடுத்தது."

கண்ணைக் கசக்கினாள். கையை நீட்டிச் சுவரைத் தேடினாள்.

"அடுத்தது. அடுத்தது."

இந்த முறை 'நல்லா இருக்கு' என்ற சொல் வரவே இல்லை. எடுத்ததைச் சரிபார்க்கும் உத்தேசம் அதற்கு இல்லை. அவள் வாயைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். ஒவ்வொரு கையாக, ஒவ்வொரு காலாகத் தொங்கிப்போய், பொம்மைபோலக் கட்டிலோரம் சரிந்தாள். பிடுங்கிய ப்ளக்கின் ஒயர் மட்டும் கடைசிவரை அவள் விரல்களில் சிக்கியிருந்தது.

வைத்தியரின் நெஞ்சு, எந்த மிஷினும் இல்லாமல், தானாக ஏறி இறங்கியது.

அதிசயம் என்றார்கள் டாக்டர்கள். அந்த அம்மாளுக்கு என்ன ஆயிற்று என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. பாவம், நோயாளியைப் பார்க்க வந்த இடத்தில்.

கழுத்துக் குழாயை எடுத்துத் தையல் போட்டார்கள். புண் ஆறியதும் வீட்டில் எல்லோரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"லேப்டாப் செத்துப்போச்சு மாமா" என்றான் மைத்துனன். "என்ன பண்ணியும் ஆன் ஆகலை. உள்ள இருந்தவன் வீடு காலி பண்ணிட்டுப் போன மாதிரி கிடக்கு."

"அதை விடுடா. என்னங்க, ஏதாவது பேசுங்க. உங்க குரலைக் கேட்டு எத்தனை நாளாச்சு!" என்றாள் மனைவி.

மகள் மடியில் ஏறினாள். அப்பாவின் இடது காதில் வாயை ஒட்டி, சேர்த்து வைத்திருந்த ரகசியங்களையெல்லாம் சொன்னாள். அவர் கேட்டார். தலையாட்டினார். முகத்தில் நிதானமான ஒரு சிரிப்பு வந்தது. வைத்தியர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"கேட்டுச்சாப்பா?"

அவர் கை உயர்ந்தது. குழந்தையின் காது மடலை இரண்டு விரல்களால், கிளிப் கவ்வுவதுபோல இறுக்கிப் பிடித்தது.

"நல்லா இருக்கு" என்றார், தகரக் குரலில்.

"அடுத்தது."